எழுத்துக் கற்பிக்கும் யந்திரம் யாருக்காக?

(திருப்போரூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



முன்பு கைநாட்டு வைத்துக் கூலி வாங்கினோம். குறைந்தால் மேஸ்திரியிடம் நேரில் சண்டை போட்டோம். இன்று கூலி பாங்கியில் விழுகிறது. செய்தி செல்போனில் வருகிறது. நூறு நாள் வேலையில் 2023 முதல் வருகைப் பதிவையே செல்போனில் ஏற்றினார்கள். படிக்கத் தெரியாதவர் என்ன செய்கிறார்? போனையும் இரகசிய எண்ணையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார். உழைத்த காசுக்குக் காவல் இல்லை. ஆகவே எழுத்துப் பிரச்னை கூலிப் பிரச்னைதான்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு 80 பேர் எழுத்தறிந்தவர்கள். பெண்களில் 73 பேர்தான். மிஞ்சியவர்களில் பள்ளிக்கூடத்தையே காணாதவர்கள் உண்டு. பள்ளிக்குப் போயும் எழுத்து மனத்தில் நிற்காதவர்களும் உண்டு. இவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘மக்கு’. தறியின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் தொழிலாளி மக்கா? நாற்றங்காலைப் பார்த்தே அது எத்தனை காணிக்கு வரும் என்று சொல்லும் அம்மாள் மக்கா? எழுத்தையும் ஒலியையும் மூளை சேர்த்துப் பிடிப்பதில் உள்ள தடங்கல் இது. அறிவுக் குறைவு அல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் கற்றல் குறைபாடு என்று பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது.

கம்ப்யூட்டர் இவர்களுக்கு உதவுமா? உதவும். ஆனால் பாடத்தை யாரை நினைத்து அமைக்கிறோம் என்பதே கேள்வி.

நம் பக்கத்துச் சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டாடா கன்சல்டன்சி கம்பெனி, எஃப்.சி. கோலியின் முயற்சியால், 2000-ல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் ஜில்லாவில் இப்படி ஒரு பாடத்தைத் தொடங்கியது. அகர வரிசையில் ஆரம்பிக்கவில்லை. பழகிய சொல்லைப் படத்தோடு காட்டி, குரலில் சொல்லி, பிறகு எழுத்தாகப் பிரித்தது. பழைய கம்ப்யூட்டரே போதும். பின்னர் தமிழிலும் வந்தது. முதலாளியின் கம்பெனியிலிருந்து வந்ததற்காக நல்ல முறையைத் தள்ளவேண்டியதில்லை. அதைச் செய்ததும் உழைப்பாளிகளின் மூளைதான்.

1961-ல் ஒரே ஆண்டில் 7 லட்சம் பேருக்கு எழுத்துக் கற்பித்த கியூபா, பிற்காலத்தில் ‘என்னால் முடியும்’ என்ற டெலிவிஷன் பாடத்தை உருவாக்கியது. அதில் ஒவ்வோர் எழுத்தோடும் ஓர் எண்ணை இணைத்தார்கள். எழுத்தறியாதவருக்கும் காசு எண்ணத் தெரியுமல்லவா? தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போவதே வழி.

தமிழில் ‘கொடி’ என்ற சொல்லை எடுங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’. தாளில் முதலில் நிற்பது கொம்பு. பின்னால் கால் வேறு. ஒலி ஒரு வரிசை, எழுத்து வேறு வரிசை. தடுக்கி விழும் இடம் இது. யந்திரம் ககரத்தை முதலில் காட்டி, கொம்பும் காலும் வந்து சேர்வதை ஒலியோடு மெதுவாகக் காட்டலாம். நூறு தடவை கேட்டாலும் அதற்குக் கோபம் வராது.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். கடிகாரம் வைத்து விரட்டக்கூடாது. குழந்தைப் பொம்மைகள் வேண்டாம். கூலிச் சீட்டு, ரேஷன் கார்டு, மருந்துச் சீட்டு, பஸ் பலகை வேண்டும். இன்டர்நெட் இல்லாத குடிசையிலும் ஓடவேண்டும். பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து உதவவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்பவரிடமே கொடுத்துப் பார்க்கவேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே பாடத்தைத் திருத்தவேண்டும். மாறவேண்டியது பாடம், ஆள் அல்ல.

15 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று மத்திய சர்க்கார் 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் போட்டு, 1,037.90 கோடி ரூபாய் மதிப்பிட்டது. முட்டுக்காட்டில் 2005 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் இந்தச் சாலையிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பணம் உண்டு, நிபுணர் உண்டு, யந்திரம் உண்டு. கேட்கும் குரல்தான் வேண்டும்.

ஒவ்வொரு ஊராட்சியிலும் வேலை முடிந்த மாலை நேரத்தில் கற்க ஓர் இடம்! பெரியவர்களுக்கும் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை! நம்மை வைத்தே சோதித்துத் திருத்திய, காசு வாங்காத தமிழ்ப் பாடம்! இந்த மூன்றையும் கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்து எழுதுவோம். சங்கத்தில் கைநாட்டு வைத்த தோழர், அடுத்த மகஜரைத் தாமே படித்துக் கையெழுத்துப் போடட்டும்!