அங்கே முடிந்தது, இங்கே முடிந்ததா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மருத்துவர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் கூடிக் கதைத்தபோது வேறொரு விடயத்தைச் சொல்லத் தீர்மானித்தோம். வெளிநாட்டில் பெற்ற விவாகரத்து இலங்கையில் செல்லுமா என்பதே அது. நாங்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். ஆனால் இந்தக் கேள்வியால் நித்திரை இழந்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

எங்களோடு படித்த ஒருத்தியின் கதையை அவளுடைய சம்மதத்தோடு சொல்கிறோம். கனடாவில் விவாகரத்துப் பெற்றுப் பதினொரு வருடங்கள் ஆகிவிட்டன. தகப்பனாருக்குச் சத்திரசிகிச்சை என்றதும், தனக்குச் சீதனமாக எழுதப்பட்ட வீட்டை விற்க ஊருக்கு வந்தாள். நொத்தாரிசு உறுதியைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, கணவரின்ர கையெழுத்து வேணும்" என்றார்.

"எனக்குக் கணவர் இல்லை, ஐயா."

"இங்கத்தைப் பதிவில இருக்கிறார், பிள்ளை."

நொத்தாரிசில் பிழை இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணி வீட்டைக்கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவள் கையில் இருந்ததோ கனடாக் கட்டளையின் ஒரு நிழற்பிரதி மட்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வெளிநாட்டு விவாகரத்து இங்கே செல்லாது என்று பொதுவாகச் சொல்வது பிழை. அங்கே முத்திரை குத்தியதால் இங்கே தானாகவே செல்லும் என்பதும் பிழை. முதன்மையாகப் பார்க்கப்படுவது, அந்தத் தம்பதியின் 'டொமிசைல்' எந்த நாடு என்பது. விசாவோடு வசிக்கும் இடம் எல்லாம் டொமிசைல் ஆகாது. இதுவே இனி என் நாடு என்ற எண்ணத்தோடு நிலைகொண்ட இடமே டொமிசைல்.

இந்த விதிக்கு உலகப் புகழ் தந்த வழக்கு எங்கள் நாட்டில் பிறந்தது. லெ மெசூரியர் என்ற ஆங்கிலேயர் இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். அவர் மாத்தறை மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்த விவாகரத்து வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவர் இலங்கையில் வசித்தாலும் டொமிசைல் இங்கிலாந்தே, ஆகவே இலங்கை நீதிமன்றத்துக்கு அந்தத் திருமணத்தைக் கலைக்க அதிகாரமில்லை என்று 1895இல் தீர்ப்பானது. வெளிநாட்டுத் தீர்ப்பை நாம் எடைபோடும்போதும் அதே தராசுதான். பழைய வழக்கச் சட்டப்படி மனைவியின் டொமிசைல் கணவனுடையதைப் பின்தொடரும் என்பதையும் மறக்கக் கூடாது. இருவரும் கனடாவிலேயே நிலைகொண்டவர்கள் என்றால் வழி இலகு. எங்கள் தோழியின் கணவரோ வழக்குக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். சிக்கல் அங்கேதான்.

காரணங்களும் வேறுபடுகின்றன. கனடாவில் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தால் போதும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் எவரிலும் குற்றம் காட்டத் தேவையில்லை. எங்கள் 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டமோ பிறர் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிடல், திருமண வேளையிலேயே இருந்த தீராத இயலாமை என்ற மூன்றையே சொல்கிறது. முஸ்லிம் தோழிகளுக்கும் கண்டியச் சட்டப்படி மணந்தோருக்கும் வேறு சட்டங்கள் உண்டு. வெளிநாட்டுத் தீர்ப்புகளை அங்கீகரிப்பது பற்றி 2024இல் 49ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. உங்கள் நாட்டுத் தீர்ப்புக்கு அது எப்படிப் பொருந்தும் என்று இங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பட்டறிந்து சொல்லும் சில விடயங்கள்:

முதலாவது, இறுதிக் கட்டளை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் நிபந்தனைக் கட்டளை முதலில், இறுதிக் கட்டளை பிறகு. கனடாவில் தீர்ப்பு பொதுவாக 31ஆம் நாளிலேதான் நடைமுறைக்கு வரும். அதற்குப் பிறகு விவாகரத்துச் சான்றிதழ் எடுக்கலாம். முதற் கடதாசியோடு நின்றுவிட்டவர்கள் பலர்.

இரண்டாவது, முத்திரையிட்ட சான்றுபடுத்திய பிரதியை எடுத்து, அத்தாட்சிப்படுத்தி வையுங்கள். பிரெஞ்சிலோ ஜேர்மனிலோ நோர்வீஜிய மொழியிலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் வேண்டும். மற்றவருக்கு அழைப்பாணை கிடைத்ததற்கான சான்றையும் எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, ஸ்பொன்சருக்காக முதலில் எழுத்து, தாலி பிறகு என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. எழுத்து எழுதினால் சட்டப்படி கலியாணம் முடிந்தது. தாலி ஏறாமல் குழம்பினாலும் நீதிமன்றம் போய்த்தான் பிரிய வேண்டும். அதை மறைத்து இன்னொரு பதிவு செய்தால் அது செல்லாது, குற்றமுமாகும்.

நான்காவது, மறுமணமோ காணி விற்பனையோ வரும்வரை காத்திராதீர்கள். வருத்தம் முற்றியபின் வரும் நோயாளியை நாங்கள் ஏசுவோம் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

தோழியின் கதையை முடிக்கவில்லை. கணவர் பிரிந்து வாழ்ந்தாலோ நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தாலோ அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றம் வழங்கலாம் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழியாகவே அவள் போனாள். எட்டு மாதங்களில் அனுமதி கிடைத்தது. தகப்பனார் ஐந்தாம் மாதமே கண்மூடிவிட்டார்.

பதினொரு வருடமாக ஏன் அந்தக் கடதாசியை இங்கே கொண்டுவரவில்லை என்று அவளைக் கேட்டோம். "ஊரில ஒருத்தருக்கும் தெரியாதடி. அம்மா எல்லாரிட்டையும் அவருக்கு லீவு இல்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ" என்றாள். ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் "அவர் வரேல்லையோ?" என்று கேட்டவர்கள் நாங்கள்தான். அவள் சிரித்துக்கொண்டு "வேலை" என்றதை நம்பியவர்களும் நாங்கள்தான். அந்தக் கடதாசி அலுமாரிக்குள் கிடந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. அதை வெளியே எடுக்க முடியாதபடி செய்ததில் எங்களுக்கும் பங்குண்டு.

ஆகவே அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் ஒரு வேண்டுகோள். பிரிந்து வந்த ஒருத்தி உங்களிடம் பேசினால், "ஏன்?" என்று கேட்பதற்கு முன் "கடதாசி எல்லாம் சரியா?" என்று கேளுங்கள். எங்கள் சங்கத்திலே சட்டத்தரணிகள் பலர் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். நூறு வருடமாக இந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குத் தந்த உறவு இதற்குக்கூட உதவாவிட்டால் வேறு எதற்கு?