முறையீட்டுக்கும் இடமுண்டு

இன்று இறையியல் பட்டம் பெறும் பிள்ளைகளே,

இன்னும் சில வாரங்களில் நீங்கள் வாகரையிலோ வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரு சிறு சபையின் முன்னால் நிற்பீர்கள். அங்கே பாயில் இருந்து கேட்பவர்களில், யுத்தத்திலோ கடலிலோ குண்டுவெடிப்பிலோ யாரையாவது பறிகொடுக்காதவர்கள் குறைவு. அவர்களைப் பார்த்துத் ‘தேவன் உண்மையுள்ளவர்’ என்று சொல்லப் போகிறீர்கள். அதை எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்பது பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கிய வில்லியம் ஓல்ட் ஐயரை உங்களுக்குத் தெரியும். அவர் இலங்கைக்குக் கப்பலேறியபோது குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் தோமஸ் கோக். கரையைக் காணாமலே கோக் கடலில் இறந்தார். அதே பயணத்தில் ஓல்டின் மனைவியும் இறந்தார். 1814இல் தனி ஆளாகப் புளியந்தீவுக்கு வந்த ஓல்ட், தமிழ் படித்தார், பள்ளிகளைத் தொடங்கினார், ஒரு வருடம் நிறைவதற்குள் நோயுற்று 1815 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அவர் தொடங்கியதன் தொடர்ச்சிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 2014இல் அது இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது.

இந்தக் கதையை நாம் பிரசங்கத்தில் விரும்பிச் சொல்கிறோம். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பிள்ளையைப் புதைத்த தாயிடம் போய், இருநூறு வருடம் பொறுங்கள், பலன் தெரியும் என்று சொல்ல முடியுமா? ஓல்டுக்கே அந்தப் பலன் தெரியாது. சாகும்போது அவர் கையில் இருந்தது நம்பிக்கை மட்டும்தான். அந்த இடத்தில்தான் அவர் நமக்கு முன்னோடி, பின்னால் எழுந்த கட்டடங்களால் அல்ல.

இனி நாவலடிக்கு வாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. 2004 டிசெம்பர் 26 காலை, அங்கே சிறுவர் இல்லம் நடத்திய தயாளன் சாண்டர்ஸ் போதகர் சுனாமி அலை வருவதைக் கண்டு பிள்ளைகளை ஒரு படகில் ஏற்றினார். வழமையாகப் பல தடவை இழுத்தால்தான் அந்த எஞ்சின் இயங்கும். அன்று முதல் இழுப்பிலேயே இயங்கியது. இயேசுவின் நாமத்தில் அலையை நிற்கச் சொல்லிக் கூவியபடி வாவியைக் கடந்தார்கள். இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் பிழைத்தார்கள். இதை அவரே உலகுக்குச் சொன்னார். நான் அதை நம்புகிறேன். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன்.

அதே காலை, அதே மணலில், அயல் வீடுகளிலிருந்தவர்களும் ஜெபித்தார்கள். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் நமது மேடைகளுக்குப் படகில் ஏறியவர்கள் மட்டுமே வருகிறார்கள். பிள்ளைகளே, இது நமது சபைகளின் பெரிய குறை. மற்றவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறோம். அதைவிடக் கொடுமையான பிரசங்கம் இல்லை.

யுத்த காலத்தையும் நினையுங்கள். 1990 ஆகஸ்டில், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். அவரோடு வந்த தமிழ் இளைஞரும் வரவில்லை. அடுத்த மாதம் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களின் தாய்மார் கல்லறைகூட இல்லாமல் இத்தனை வருடம் காத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லாதீர்கள்.

பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறுப் பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். முன்பின் தெரியாத ஒருவன் முதுகில் பையோடு வந்தான். அவனை உள்ளே விடாமல் மறித்தவர் ஒரு குடும்பத் தகப்பன். குண்டு வெடித்தது, அவரும் போய்விட்டார். முப்பது பேரளவில் இறந்தார்கள், பாதியளவினர் பிள்ளைகள். அந்தச் சபையின் தலைமைப் போதகர் ரோஷன் மகேசன் சில நாட்களில் உலகத்தின் முன் பேசினார். குண்டைக் கொண்டு வந்தவனையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்றார். அதற்கு முன், நாங்கள் காயப்பட்டிருக்கிறோம், கோபமும் இருக்கிறது என்றார். மன்னிப்பைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அந்த முதல் பகுதிதான் பெரிதாகப் படுகிறது. கோபத்தை ஒளிக்காமல் தேவனுக்கு முன் வைத்துவிட்டு மன்னித்த சபை அது. ஆலயம் சிதைந்த பிறகும் அவர்கள் வேறோர் இடத்தில் கூடி ஆராதித்தார்கள்.

இப்படி முறையிடுவதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது. 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் நமது ஜெபப் புத்தகத்தில் வைத்தார்களே! ஆபகூக் ஏன், எதுவரைக்கும் என்று கேட்டுத்தான் தொடங்குகிறான். தேவனுடைய உண்மையைப் பற்றி நாம் அதிகம் பாடுகிற வார்த்தைகள் வருவது புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில், எரிந்து கிடக்கும் எருசலேமின் நடுவில். அதற்கு முன்னும் பின்னும் அழுகைதான். சிலுவையில் கைவிடப்பட்டதாகக் கதறியவரையே நாம் ஆண்டவர் என்கிறோம். ஆகையால் முறையிடுகிறவனை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள். கேட்பவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் முறையிடுகிறான். நம்பிக்கை இழந்தவன் பேசுவதையே விட்டுவிடுவான்.

தேவன் ஏன் இங்கே மறித்தார், அங்கே மறிக்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை தெரிந்தவர்போல நீங்களும் பேச வேண்டாம். தேவன் நம்மை விட்டு விலகவில்லை என்பதை விசுவாசிக்கிறேன், அதற்காக என் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவே என்னால் சொல்ல முடியும்.

உங்கள் சபைக்குப் போன முதல் கிழமையில், பிரசங்கம் ஆயத்தம் பண்ணுமுன், அந்த ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டைக் கேட்டறிந்து போங்கள். வேதாகமத்தை உடனே திறக்க வேண்டாம். அவர்கள் தரும் தேத்தண்ணியைக் குடியுங்கள், அந்தப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், அவர்கள் பேசி முடியும்வரை இருங்கள். ஞாயிற்றுக்கிழமை சபை ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.