கன்றின் பங்கு கன்றுக்கே

(மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், மட்டக்களப்பு வாவிக்கரைப் பண்ணையாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து, புல்லுக்கட்டு இறக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் களைப்பு எங்களுக்குத் தெரியும். அதனால் வீண் பேச்சு பேசாமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குப் பேசப்போவது கன்றுக்குட்டியைப் பற்றி. அதைப் பால் கொடுத்து வளர்ப்பது எப்படி, பாலை மறக்க வைப்பது எப்படி என்பதுதான் பேச்சு.

எங்கள் ஊர் முறையை முதலில் சொல்லுகிறோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை. அங்கே வயலும் மாடும் பிரிக்க முடியாத சொத்து. மழைக்காலத்தில் வயல் விதைத்ததும் மாடுகளை மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவோம். அறுவடை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவோம். இரவில் கன்றுகளைப் பிரித்து அடைத்து, விடியற்காலையில் ஒரு தடவை பால் கறப்பதுதான் பட்டி வழக்கம். முதலில் கன்றை ஊட்ட விடுவோம். மாடு பாலை இறக்கியதும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்போம்.

இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நாட்டு மாடும் எருமையும் கன்று முட்டாமல் லேசில் பால் இறக்காது. கன்று செத்தால் பாலும் வற்றும். வைக்கோல் திணித்த தோற்கன்றை மாட்டின் முன்னால் நிறுத்திப் பால் கறந்தார்கள் நம் முன்னோர். ஏமாற்றிக் கறக்கிற அந்தப் பால் எத்தனை நாளைக்கு வரும்? கன்றைக் காப்பாற்றுவது தர்மம் மட்டும் அல்ல, வருமானமும் அதுதான்.

மலையகத்தில் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கலப்பின மாடு. அது கன்று இல்லாமலும் பால் தரும். அதனாலேயே இங்கே வேறொரு ஆபத்து. பால் சேகரிக்கிற இடத்தில் லீற்றருக்குக் காசு கிடைக்கிறது. வீட்டிலோ கடன், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. அப்போது முதலில் குறைவது யாருடைய பங்கு? வாய் பேசாத கன்றின் பங்குதான். அதுவும் நாம்பன் கன்று என்றால் கேட்கவே வேண்டாம்.

வெளிநாடுகளில் இதற்கு மெஷின் வந்திருக்கிறது. ஜேர்மனி, நெதர்லாந்து, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பெரிய பண்ணைகளில் கன்றுக்குத் தானாகப் பால் கொடுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். கன்றின் காதிலோ கழுத்திலோ ஒரு இலக்கத் தகடு. ஒரு கன்று மட்டும் நுழையக்கூடிய சின்னக் கூண்டு. உள்ளே ஒரு றப்பர் முலைக்காம்பு. கன்று உள்ளே போனதும் கம்பியூட்டர் தகட்டைப் படித்து, இது இன்ன கன்று, இன்றைக்கு இவ்வளவு குடித்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கும். பங்கு மீதி இருந்தால், ஏறத்தாழ 40 பாகை சூட்டில் பால்மாவைக் கரைத்து, ஒன்றரை இரண்டு லீற்றர் கொடுக்கும். நேரத்துக்கு முன்னால் வந்தால் கொடுக்காது. ஒரு கன்று குடிப்பது குறைந்தாலோ மெதுவாகக் குடித்தாலோ பண்ணைக்காரருக்கு அறிவிக்கும். கடைசி வாரங்களில் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாலை மறக்க வைக்கும். ஒரு காம்பில் இருபது, முப்பது கன்றுகள் வரை குடிக்கின்றன.

இதைக் கேட்டு, "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஒரு மாடும் ஒரு கன்றும் இருக்கும் வீட்டுக்கு மெஷின் எதற்கு? ஆனால் அது செய்கிற வேலையைப் பாருங்கள். நேரத்துக்குக் கொடுக்கிறது. சூடாகக் கொடுக்கிறது. கணக்கு வைக்கிறது. மெல்ல மெல்லக் குறைக்கிறது. இந்த நாலும் பிள்ளைக்காம்பராவில் ஆயா அம்மா செய்கிற வேலைதானே? தாய் மலையில் கொழுந்து எடுக்கும்போது, பிள்ளைக்கு நேரம் பார்த்துப் போச்சியில் பால் கொடுக்கிறார் அல்லவா? அதே கவனத்தைத்தான் கன்றுக்கும் கேட்கிறோம்.

மெஷின் செய்யாததும் உண்டு. கடும்புப்பாலை மனிதர்தான் கொடுக்க வேண்டும். எல்லாக் கன்றும் ஒரே காம்பைச் சப்புவதால் கழிச்சலும் சளியும் பரவும். அதைக் கழுவிச் சுத்தம் பார்க்கவும் ஆள் வேண்டும். கண்ணும் கையும் இல்லாத பண்ணை எந்த நாட்டிலும் இல்லை.

இனி நாம் வீட்டில் செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம். 30 கிலோ நிறையுள்ள ஒரு கன்றைக் கணக்குக்கு எடுப்போம்.

முதலாவது, கடும்புப்பால். சீம்பால் என்று சொல்வதும் இதுதான். மனிதக் குழந்தைக்கு வயிற்றிலேயே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி போகிறது. கன்றுக்கு அப்படிப் போவதில்லை, கடும்புப்பாலில்தான் போகிறது. பிறந்த ஒரு நாளுக்குப் பின் அந்தச் சக்தியை உறிஞ்சும் வழி குடலில் அடைபட்டுவிடும். ஆகவே முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் 3 லீற்றர், பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் இன்னும் 2 லீற்றர் கொடுங்கள். "நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு கொடுக்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம். தொப்புளுக்கு அயடின் பூசுங்கள்.

இரண்டாவது, பால். ஆறு வாரம் வரை ஒரு நாளைக்கு 4 லீற்றர். இரண்டு வேளையாகக் கொடுக்கலாம், மூன்று வேளை என்றால் இன்னும் நல்லது. உடம்புச் சூட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காம்பு வைத்த வாளியில் சப்பிக் குடிப்பது நல்லது. சப்பும்போது பால் நேராக நாலாவது வயிற்றுக்குப் போய்ச் சேரும். மூங்கில் குழாயால் வாயில் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் கன்று பிழைக்காது. வாளியை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவுங்கள்.

மூன்றாவது, தண்ணீரும் தீனும். முதல் வாரத்திலிருந்தே சுத்தமான தண்ணீர் வையுங்கள். பால் கொடுக்கிறோமே, தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். பால் போவது நாலாவது வயிற்றுக்கு. தண்ணீரும் தீனும் போவது பெரிய வயிற்றுக்கு. அங்கே கன்றுத்தீன் புளித்து வரும் அமிலம்தான் பெரிய வயிற்றின் உட்சுவரை வளர்க்கிறது. வெறும் புல்லுக்கு அந்த வேலை சரியாக வராது. ஒரு பிடியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். யூரியா கலந்த தீன் கன்றுக்கு ஆகாது.

நாலாவது, பால் மறக்க வைத்தல். ஏழாம் வாரம் 3 லீற்றர், எட்டாம் வாரம் 2, பிறகு 1, பிறகு நிறுத்தம். ஆனால் நாட்காட்டியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கு 700 கிராம் முதல் ஒரு கிலோ வரை தீன் தின்கிறதா என்று பாருங்கள். தின்றால் நிறுத்தலாம், இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் கன்று வாடி, வளர்ச்சி நின்றுபோகும்.

ஐந்தாவது, நோய். கழிச்சல் வந்தால் பாலை நிறுத்துவது பழைய பழக்கம், அது தவறு. பாலையும் கொடுத்து, இடையில் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரையும் கொடுங்கள். எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே வட்டப்புழு வரும். பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். மருந்தையும் அளவையும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆறாவது, குளிர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்த நாட்களில், வடக்கு கிழக்கு மாகாணங்களில் மாடுகள் குளிரும் மழையும் தாங்காமல் நூற்றுக்கணக்கில் செத்தன. வெயில் ஊரிலேயே இந்தக் கதி என்றால், நுவரெலியாவின் ஜனவரி இரவு எப்படி இருக்கும்? ஈரமில்லாத வைக்கோலோ காய்ந்த மானாப்புல்லோ தடிப்பாகப் போடுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் சாக்குத் தொங்கவிடுங்கள். குளிர் நாளில் அரை லீற்றர், ஒரு லீற்றர் பால் கூடக் கொடுங்கள்.

சரி, இதற்கெல்லாம் என்ன செலவு? சொன்ன அளவுகளைக் கூட்டினால் எட்டு வாரத்துக்கு ஏறத்தாழ 200 லீற்றர் பால். "அடேயப்பா!" என்று இருக்கும். ஆனால் அந்தக் கன்று நாகாகி, ஈன்று, நாளுக்கு 8 லீற்றர் வீதம் 200 நாள் கறந்தால் 1600 லீற்றர். அதுவும் ஒரு ஈற்றுக்கு மட்டும். பட்டினி கிடந்த கன்று சினைக்கு வரவே ஒரு வருஷம் இரண்டு வருஷம் பிந்தும். அந்த வருஷங்களில் அதற்குப் புல்லு சுமப்பது யாருடைய தலை?

கடைசியாக ஒன்று. கன்று பால் மறந்தால் புல்லு வேண்டும். புல்லுக்கு நிலம் வேண்டும். மேய்ச்சல் தரையில் அத்துமீறிப் பயிர் செய்வதை நிறுத்தக் கோரி, 2023 செப்டம்பரில் எங்கள் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியும் அந்தப் போராட்டம் நீண்டது. நீங்களோ தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து ஓரத்தில், ஓடைக்கரையில் புல்லு அறுக்கிறீர்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக்காலை போட நாலு அடி நிலமும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாவிக்கரையும் மலையும் தூரமாக இருக்கலாம், ஆனால் நம்ம கஷ்டம் ஒரே கஷ்டம். ஆகவே புல்லு நடுவதற்கு ஒரு துண்டு நிலம் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்கும்போது தனித்தனியாகப் போகாதீர்கள். மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, பெயர் எழுதி, மாட்டுக் கணக்கும் எழுதிக்கொண்டு போங்கள்.

மெஷின் வைத்திருப்பது போல நாமும் ஒரு கணக்கு வைப்போம். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று போதும். கன்று பிறந்த நாள், குடித்த பால், தின்ற தீன், கொடுத்த மருந்து. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வேளை பாலை விட்டுவைத்தால் அன்றைக்கே பிடிபடும், அன்றைக்கே வைத்தியரிடம் ஓடலாம்.

கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள், பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.