திறந்த கதவும் திறவாத கதவுகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய வட்டத்தைப் பத்தாண்டுக் காலம் தளராமல் நடத்துவது எளிய செயலன்று. கூட்டத்திற்கு ஐவரே வந்த நாளிலும் விளக்கேற்றி, வாழ்த்துப் பாடித் தொடங்கியவர்கள் நீங்கள். அந்த விடாமுயற்சிக்குத் தலைவணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

‘அயல் மண்ணில் ஓர் ஆசிரியர்’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இன்று சீன நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப் பல நாட்டினரும் செல்கின்றனர். அவர்களுடைய அன்றாட வாழ்வைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வகுப்பறைக்குள் அவர் ஆசிரியர்; அவர் சொல்வதே இலக்கணம். மாலையில் கடைத்தெருவுக்கு வந்துவிட்டால், காய்கறியின் பெயர்கூடத் தெரியாத குழந்தை. விலை கேட்கவும் விரல்களை நீட்ட வேண்டும். ஒரே நாளில் ஆசானாகவும் அறியாச் சிறுவனாகவும் வாழும் இந்த இரட்டை நிலைதான் அயல்நாட்டு ஆசிரியரின் வாழ்க்கை.

இந்நிலை புதியதன்று. இத்தாலியரான மத்தேயோ ரிச்சி 1582இல் மக்காவு வந்து சேர்ந்தார். சீன மொழியைக் கற்றார். சீனர் உடையை உடுத்தார். சூ குவாங்சி என்னும் சீன அறிஞரின் துணையோடு யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் பெயர்த்து 1607இல் வெளியிட்டார். அவர் பெய்சிங் நகரில் மறைந்தது 1610ஆம் ஆண்டு. ஏறத்தாழ அதே காலத்தில்தான் டச்சுக்காரர்கள் நம் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடமாக 1690 வரை பழவேற்காடே விளங்கியது. துணிகள் இங்கிருந்து கப்பலேறின. அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்தக் கோட்டைக்குச் சமயப் பணியாற்ற வந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். உங்கள் இலக்கிய வட்டத்தின் வயதும் அவருடைய பழவேற்காட்டு வாழ்வின் கால அளவும் ஒன்றே! போதிக்க வந்த அவர் இவ்வூரில் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். அவ்வாசிரியரின் பெயர் பத்மநாபன், அந்தணர். ஒருவர் மொழி மற்றவர்க்குச் சரிவரத் தெரியாது. இருவர்க்கும் அயன்மொழியாகிய போர்ச்சுகீசியத்தின் வழியாகவே உரையாடினர். இருவரும் தத்தம் தாய்மொழியை விட்டிறங்கி, நடுவில் ஓரிடத்தில் சந்தித்தார்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவ்வுரையாடல்களின் பயனாக விளைந்தது ஒரு நூல். ரோஜேரியஸ் தாய்நாடு திரும்பி 1649இல் மறைந்தார். அவர் மறைந்தபின் அவருடைய மனைவியார் 1651இல் லெய்டன் நகரில் அந்நூலை வெளியிட்டார். மறைந்திருந்த சமயத்திற்குத் ‘திறந்த கதவு’ என்பது அதன் தலைப்பின் பொருள். பிறப்பு, மணம், இறப்பு, வழிபாடு எனப் பல செய்திகளை அது விரித்துரைக்கிறது. பத்மநாபன் எடுத்துரைக்க, பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்கள் டச்சு மொழியில் அந்நூலில் இடம்பெற்றன. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக அச்சேறியது அதன் வழியேதான். 1663இல் அந்நூல் ஜெர்மானிய மொழிக்கும், 1670இல் பிரெஞ்சு மொழிக்கும் சென்றது. பின்னாளில் ஹெர்டர் போன்ற ஜெர்மானியச் சிந்தனையாளர்களுக்கும் பர்த்ருஹரியை அறிமுகப்படுத்தியது. உப்பங்கழிக் கரையில் இருவர் அமர்ந்து பேசிய பேச்சு ஐரோப்பாவின் நூலகங்களுக்குள் நுழைந்த வரலாறு இது.

ஆனால் அன்பர்களே, ஒரு வினா எழுகிறது. அந்தக் கதவு யாருடைய வீட்டுக் கதவு? நூலின் நெடிய தலைப்பே விடை கூறுகிறது: சோழமண்டலக் கரையிலுள்ள பிராமணர்களின் வாழ்வும் ஒழுக்கமும் சமயமும் பற்றியது என்கிறது அது. கதவைத் திறந்துவிட்டவர் பத்மநாபன். ஆதலின் அவருக்குத் தெரிந்த வீடே பெரிதும் தெரிந்தது. இது ரோஜேரியஸின் குற்றமன்று. எந்த ஆசிரியரிடம் கற்கிறோமோ அவர் உலகத்தையே நாம் காண்கிறோம். கோட்டைக்கு அருகிலேயே மீனவர் குடியிருப்பு. இன்றும் அதன் பெயர் கோட்டைக்குப்பம். கோட்டை இடிந்து முட்புதர் மண்டிக் கிடக்கிறது, குப்பம் வாழ்கிறது. அக்குப்பத்தார் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்க, அவர்களிடம் மாணவராய் அமர்ந்து ஒரு நூலை எழுதியவர் அந்நாளில் இல்லை.

ரோஜேரியஸைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று நான் ஐயுற்றதுண்டு. காரணத்தை இந்த அவையில் ஒளிவின்றிச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கரைக் குப்பமொன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் என்னிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்தான். ‘நாளை எங்கள் பாடு, ஆகையால் வகுப்பிற்கு வர இயலாது’ என்று எழுதியிருந்தான். பாடு என்றால் துன்பம் என்பது நான் அறிந்த பொருள். ‘உன் பாட்டை நாளைக்கென்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறாயா?’ என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன், ‘அம்மா, பாடு என்றால்…’ என்று தொடங்கினான். நான் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்து, ‘அவசர வேலை’ என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

பிறகொரு நாள் அவன் வீட்டிற்குச் சென்றபோது அவன் தாயார்தாம் விளக்கினார். ஏரியில் இறால் மிகுதியாக வரும் இடங்கள் சிலவே. அவ்விடங்களில் வலை வளைக்கும் உரிமையை வலியவன் மட்டும் கைக்கொள்ளாதவாறு, ஊரிலுள்ள தலைக்கட்டுகள் கூடிச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த இடத்திற்கும் அந்த முறைக்கும் பாடு என்று பெயர். அன்று அவன் தந்தைக்குக் காய்ச்சல். மகன் போகாவிட்டால் வலை இழுக்க ஆளில்லை. ஒரு முறை தவறினால் ஊர் முழுதும் சுற்றி வந்த பின்பே அடுத்த முறை. “பாடுன்னா எங்க சோறு, டீச்சரம்மா” என்றார் அந்தத் தாய். நான் அடித்தது ஒரு சொல்லையன்று. ஒரு குடும்பத்தின் சோற்றையும் ஓர் ஊரின் நீதியையும்.

முனைவர் பட்டம் பெற்ற நான், என் கல்லூரியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள குப்பத்தில் அயல்நாட்டு ஆசிரியையாகவே நின்றேன். ஈழத்து மீனவரும் கரைவலை இழுக்கும் இடத்தைப் பாடு என்றே அழைக்கின்றனர்; வலைப்பாடு என்று கிளிநொச்சிப் பகுதியில் ஓர் ஊரே உண்டு. கடல் கடந்தும் வழங்கும் தமிழ்ச் சொல்லை நான் பிழை என்றேன்! சென்னைக் கடற்கரை மீனவர் நீரோட்டங்களை வன்னி, தெண்டி என்று பெயரிட்டுப் பிரித்தறிகின்றனர். நெய்தல் திணையை ஆண்டுதோறும் நடத்தும் நம்மில் எத்தனை பேர் இவற்றைக் கேட்டிருக்கிறோம்? டச்சுக்காரர் விட்டுச்சென்ற துட்டு என்னும் சொல் நம் நாவில் நிலைத்துவிட்டது. நம் மீனவரின் சொல்லோ நமக்கு அயன்மொழியாக இருக்கிறது.

காலமும் நமக்காகக் காத்திராது. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுந்தோறும் இறால் வரத்துக் குறைகிறது. பிழைப்புத் தேடி இளைஞர் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். தொழில் போனால் அதன் சொற்களும் உடன் போகும்.

ஆகவே இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை இம்மண்டபத்தில் அன்று, ஒரு குப்பத்தில் நடத்துங்கள். மேடை வேண்டா, சொற்பொழிவாளரும் வேண்டா. வலை பின்னும் முதியவர் ஒருவர் பேசட்டும். இறால் பொறுக்கும் தாய்மார் பேசட்டும். நாம் குறிப்பேட்டுடன் தரையில் அமர்ந்து கேட்போம். ரோஜேரியஸ் ஒரு கதவின் முன் மாணவராய் நின்றார். நாம் தட்ட வேண்டிய கதவுகள் இன்னும் பல உள்ளன. அவை அடைபட்டிருப்பது, தட்டுவாரின்மையால்தான்.

அந்த மாணவன் இன்று வேறோர் ஊரில் பணியில் இருக்கிறான். அவனிடம் நான் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, ‘பரவாயில்லை அம்மா’ என்றான். நான் திருத்திய விண்ணப்பத்தை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை.