பத்திரிகையும் பதில் பேசும் வாசகரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையம் பெருகிவிட்ட இக்காலத்திலே பத்திரிகைகள் எவ்வாறு தம்மை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பல்கலைக்கழகத்திலே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் எமக்கு அனுபவம் சிறிது. ஆயினும், இவ்வூரிலே நிகழ்ந்த ஒன்றைக் கூறித் தொடங்கினால் பொருள் எளிதில் விளங்குமென எண்ணுகிறோம்.

சென்ற மாரியில் ஓரிரவு, மழை ஓயாது பெய்துகொண்டிருந்தது. அப்போது கைத்தொலைபேசியில் ஒரு குரற்பதிவு வந்தது. “குளக்கட்டு உடைந்துவிட்டது, உடனே வெளியேறுங்கள்” என்றது அக்குரல். சொன்னவர் யார், எந்தக் குளம், எத்தனை மணிக்கு உடைந்தது என்பன அதில் இல்லை. ஆனால் 2018ஆம் ஆண்டு டிசம்பரிலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் செய்த அழிவைக் கண்ட மக்கள் விசாரித்துக்கொண்டு நிற்பார்களா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளிலே ஓடினார்கள். ஒரு மூதாட்டி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கமக்காரர் ஒருவர் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கட்டுவரை தனியே நடந்துபோய்ப் பார்த்துவந்து, “கட்டு நல்லாத்தான் இருக்குது” என்று சொன்ன பின்னரே ஊர் அடங்கிற்று.

மறுநாட் காலை வாசிகசாலைக்கு வந்த பத்திரிகையில் மழைச் செய்தி இருந்தது; இக்கலவரத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. நாம் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களும் எம்மைக் கேட்கவில்லை. இன்னொன்றையும் மறையாது சொல்லவேண்டும். அக்குரற்பதிவை நாமும் மூவருக்கு அனுப்பினோம். அன்று தொட்டே இப்பொருளைப்பற்றிச் சிந்திக்கலானோம்.

ஒருவர் பேச மற்றையோர் வாய்மூடிக் கேட்பதுதான் பத்திரிகை என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. மிஷன் பாடசாலையிலே படித்த எமக்கு ‘உதயதாரகை’ என்னும் பெயர் சிறுவயதிலேயே பழக்கமானது. அமெரிக்க மிஷனாரால் 1841இலே யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கப்பெற்ற அப்பத்திரிகை வாசகரின் கடிதங்களுக்கும் இடமளித்தது. 1889இலே சைவ பரிபாலன சபையார் ‘இந்து சாதனம்’ வெளியிட்டனர். ஒரு பத்திரிகையின் கருத்துக்கு இன்னொரு பத்திரிகை விடையிறுத்த காலம் அது. அன்று மறுமொழி வருவதற்கு நாட்கள் சென்றன. இடையிலே ஆசிரியர் ஒருவர் இருந்து படித்தார், வினவினார், திருத்தினார். இன்று மறுமொழி நொடியிலே வருகின்றது, இடையிலே எவருமில்லை. மாறியது இதுவே.

பத்திரிகைக்குப் பெயருண்டு, முகவரியுண்டு. அதற்காக அது கொடுத்த விலையும் சிறிதன்று. 1981இலே யாழ்ப்பாண நூலகம் எரியுண்ட நாட்களில் ‘ஈழநாடு’ பணிமனையும் எரியூட்டப்பட்டது. 2006 மே மாதத்திலே ‘உதயன்’ பணிமனையுட் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். 2013 ஏப்ரிலில் அதன் அச்சியந்திரம் தீயிடப்பட்டது. எழுதியதற்குப் பொறுப்பேற்று ஓரிடத்தில் நிலைத்து நிற்பவரையே இவ்வாறு தேடிச் சென்று தாக்க முடியும். எமது ஊரைக் கலக்கிய அக்குரலுக்கோ முகவரியே இல்லை. அந்த மூதாட்டிக்கு ஆறுதல் சொல்லவும் அது வரவில்லை.

அப்படியாயின் பத்திரிகை மாறவேண்டியதில்லையா? மாறவே வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அச்சுத்தாளுக்கு நேர்ந்த தட்டுப்பாடு, தாளை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாதென்பதைக் காட்டிற்று. ஆனால் அச்சிட்ட பக்கத்தை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடுவது மாற்றமாகாது. வாசகரிடம் காதுகொடுத்தலே மாற்றம்.

2009இலே இலண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை, பாராளுமன்ற உறுப்பினரின் செலவுக் கணக்குகளாகிய நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களை இணையத்தில் இட்டு, ஆராய்ந்து உதவுமாறு வாசகரை அழைத்தது. ஆயிரக்கணக்கானோர் உதவினர். சென்னை ‘தி இந்து’ பத்திரிகை 2006இலே வாசகரின் முறைப்பாடுகளைக் கேட்டு, பிழைகளைத் திருத்துவதற்கென்றே ஓர் ஆசிரியரை நியமித்தது. எமது வட்டாரப் பத்திரிகைகளும் இவ்வழியிற் செல்லலாம். ஊர்தோறும் செய்தி பெறவும் கேள்விக்கு விடை சொல்லவும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். “இது உறுதியானது, இது இன்னும் உறுதியாகவில்லை” என்று நேரத்துடன் இணையத்தில் அறிவித்தல் வேண்டும். தவறினால், தவறிய இடத்திலேயே திருத்தத்தையும் இடவேண்டும். விரைவிலே முந்துவதற்காக விசாரணையைக் கைவிடுதல் மாத்திரம் கூடாது. விசாரணை போனபின் பத்திரிகைக்கும் அந்தக் குரற்பதிவுக்கும் வேற்றுமை யாது?

வதந்தியை அடக்க வேறொரு வழியும் உண்டென்பர். 2019 ஏப்ரில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைச் சில நாட்கள் தடைசெய்தது. அப்போது பொய்யோடு மெய்யும் தடைப்பட்டது. உறவினரின் நலம் விசாரிக்கவும் மக்கள் இடர்ப்பட்டனர். வாயை அடைப்பதிலும், கேட்டதற்கு நம்பத்தக்க விடை கொடுப்பதே மேலானது.

வாலிப அன்பர்களே! பத்திரிகையின் கடமையைச் சொன்னோம். நமது கடமை யாது? கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று ஒரு சிறு பத்திரிகையாசிரியரே. ஆதலின், சொன்னவர் பெயரில்லாத செய்தியை மற்றொருவருக்கு அனுப்பாதிருப்போம். ஐயம் எழுந்தால் விசாரிப்போம். விசாரித்து அறிந்ததைப் பெயருடன் பத்திரிகைக்கும் அறிவிப்போம். பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இளைஞர் காட்டும் எதையும் உடனே நம்பிவிடாது, “ஆர் சொன்னது, தம்பி?” என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வி எம்மைத் திருத்தும்.

அன்றிரவு அந்தப் பொய்யை எம்போன்ற பலர் பரப்பினோம். “கட்டு நல்லாத்தான் இருக்குது” என்று அக்கமக்காரர் சொன்ன சொல்லையோ ஒருவராவது பதிவுசெய்து அனுப்பினோமில்லை. இனிவரும் மாரியிலே, போய்ப் பார்த்துவந்தவரின் சொல் முதலிற் பரவட்டும். அச்சொல்லைத் தேடிப் பெற்று, உறுதிசெய்து, அன்றிரவே ஊருக்கு அறிவிக்கும் பத்திரிகை எந்த யுகத்திலும் வாழும்.