இருபது வரை எண்ணுங்கள்



நான் சிறப்புப் பள்ளி ஆசிரியை. என்னிடம் படிக்கும் ஒரு பையனுக்கு ஏழு வயது. ஊஞ்சல் என்றால் உயிர். ஒரு மாலை அவன் அம்மா அவனை நம் ஊர்ப் பூங்காவுக்கு அழைத்து வந்தார். கண்ணை மூடி, 'ம்ம்ம்' என்று இழுத்தபடி அவன் ஆடிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற பிள்ளைகள் "இறங்குடா" என்றார்கள். அந்தச் சொல் அவன் காதில் விழாமல் இல்லை. கம்பத்து ஒலிபெருக்கிப் பாட்டு, சாலை ஹாரன், காவலாளியின் விசில் எல்லாவற்றோடும் சேர்ந்து விழுந்தது. யாரோ சங்கிலியைப் பிடித்து நிறுத்தினார்கள். காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டு அலறினான். "பிள்ளையை இப்படியா வளர்ப்பது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு மொட்டைமாடிதான் விளையாட்டுத் திடல்.

அவனுக்கு ஆட்டிசம். அரசுக் கோப்புகளில் ஆட்டிசம் உள்ளவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுகிறோம். இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. நமக்கு வடிகட்டி வருகிற ஓசையும் வெளிச்சமும் தொடுகையும் அந்தப் பையனுக்கு மடை திறந்த வெள்ளமாக வருகின்றன. புற உலகம் அவனுக்கு நம்மைவிட அதிகம். வேறு சில பிள்ளைகளுக்கோ எவ்வளவு குதித்தாலும், எவ்வளவு சுற்றினாலும் போதாது. ஊஞ்சலின் சீரான ஆட்டம் இவர்களில் பலரை அமைதிப்படுத்துகிறது. அதைத் திடீரென்று பிடித்து நிறுத்துவது அவர்களைப் பிடித்துத் தள்ளுவது போல.

அப்படியானால் மற்ற பிள்ளைகள் காத்துக்கொண்டே நிற்பதா? வேண்டாம். எண்ணுங்கள். "இன்னும் இருபது ஆட்டம், அப்புறம் இறங்கணும்" என்று முன்கூட்டியே சொல்லி, எல்லாரும் சேர்ந்து மெதுவாக இருபது வரை எண்ணுங்கள். பேச்சு புரியாத பிள்ளைக்கு ஊஞ்சல் படத்தையும், அடுத்து சறுக்குமரப் படத்தையும் காட்டுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும். முதல் நாளே இறங்கிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. பழகப் பழக வரும். கண்ணாமூச்சிக்கு நூறு வரை எண்ணுகிற நம் பிள்ளைகளுக்கு இருபது பெரிய எண்ணா?

நகராட்சியிடம் கேட்க வேண்டியவை உண்டு. பூங்கா வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும். இந்தப் பிள்ளைகளில் சிலர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடுவார்கள், பல சமயம் தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். பூங்காக் குளத்தைச் சுற்றி வேலி இல்லாதது எனக்குத் தூக்கம் வராத கவலை. மரத்தடியில் சத்தமில்லாத ஒரு மூலை வேண்டும். மாலையில் ஒரு மணி நேரமாவது ஒலிபெருக்கி ஓய வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

நாம் கேட்பவை யாரும் போடுகிற பிச்சை அல்ல. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 29-ஆவது பிரிவு, பொழுதுபோக்கில் அவர்களும் சமமாகப் பங்கேற்க வழிசெய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்கும் சேர்த்தே வைக்கிறது. சென்னை சாந்தோமில் மாநகராட்சியே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும்படி ஒரு பூங்கா அமைத்திருக்கிறது. பெங்களூரில் பெற்றோர்கள் கூடி 'கிளிகிளி' என்ற அமைப்பைத் தொடங்கி, மாநகராட்சியோடு சேர்ந்து பூங்காக்களை மாற்றினார்கள். நம்மாலும் முடியும்.

அந்தப் பையனின் அம்மாவிடம் பேசியிருக்கிறேன். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மகனோடு வருகிறேன் என்றிருக்கிறார். நகர்மன்றத் தலைவர் அவர்களே, அந்த ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அவன் ஊஞ்சலில் ஏறியதும் அவர்களோடு சேர்ந்து நீங்களும் எண்ணுங்கள்.