கரிசல் மண்ணின் ஆகாரம்



உஷ்ண தேசத்தில் எங்கு சென்றாலும் உணவு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள், தஞ்சையில் ஒரு வேளையும் விருதுநகரில் ஒரு வேளையும் உண்டு பார்த்தால் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்கள். தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்தபடியாக உணவைத்தான் வைத்தார். நிலத்துக்கு நிலம் பதார்த்தங்கள் பேதப்படுவதற்கு ஆதி காரணம் தண்ணீர் என்பதே என் அபிப்பிராயம். ஆறு பாயும் இடத்தில் ஒரு சமையல், மழையை மட்டும் நம்பிய இடத்தில் வேறொரு சமையல்.

சிவகாசி வட்டாரத்தில் உள்ள எம். புதுப்பட்டிக்கு வாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே காணும் இந்த விருதுநகர் ஜில்லாவில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையைக் குடித்து, அந்த ஈரத்தைத் தன் வயிற்றுக்குள் நெடுநாள் காத்து வைத்திருக்கிற கரிசல் மண்ணை நம்பியே இங்குள்ள ஜனங்கள் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மானாவாரியாக விதைத்து வந்தார்கள். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரிய விசேஷமாக இருந்த காலத்தை முதியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கம்பை நீர் தெளித்து உரலில் இட்டு இடித்து, தவிடு நீங்கப் புடைத்து, மறுபடியும் இடித்து, கிண்டி இறக்கிய கம்மஞ்சோற்றை உருண்டைகளாக உருட்டி இரவெல்லாம் நீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் கும்பாவில் குடிக்கிற அந்தக் கஞ்சிக்கு, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதிய வெஞ்சனமாகும். மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் முதலில் பயிரான கம்பும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த மிளகாயும் இந்த மண்ணில் இவ்வளவு சொந்தத்தோடு கூடி வாழ்வதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வியப்பு மேலிடுகிறது.

1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் கைகொடுத்த அதே வறண்ட காற்றுதான், கூரையின் மேலும் முற்றத்திலும் சீனியவரைக்காய், சுக்காங்காய், மிதுக்கங்காய் இவற்றையெல்லாம் வத்தலாக்கி ஆண்டு முழுவதும் காக்கிறது. இவ்வட்டாரத்து ஜனங்கள் வேலை செய்யும் பட்டாசு ஆலைக்குள் நெருப்பு ஆகாது. ஆகவே விடியுமுன் எழுந்து பொங்கி, தூக்குவாளியில் எடுத்துச் செல்லும் பெண்கள் நடுப்பகலில் ஆறிய சோற்றைத்தான் உண்கிறார்கள். ஆறினாலும் கெடாத புளிக்குழம்பும் பொரித்த வத்தலும் அவர்களுக்குப் பெருந்துணை. கம்பு இடிக்க அவர்களுக்கு நேரம் ஏது? பழைய ஆகாரத்தைக் கைவிட்டார்கள் என்று அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது.

எண்ணெயும் பருப்பும் மிளகாயும் வியாபாரமாகிற விருதுநகரில், பரோட்டாவைக் கல்லில் வெறுமனே வாட்டாமல், தளும்பும் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, நொறுக்கிச் சால்னாவில் ஊற வைத்துத் தருகிறார்கள். சாத்தூரின் காராச்சேவைச் சொல்லாமல் போனால் அவ்வூரார் மன்னிக்க மாட்டார்கள். மேற்கே மலையடிவாரத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மேய்ச்சலும் பாலும் மிகுதி. பாலும் சர்க்கரையும் அன்றி வேறொன்றும் சேராமல் சுண்டக் காய்ச்சுகிற பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு ஜில்லாவுக்குள்ளேயே இத்தனை பேதம்!

ஆயினும் இப்பிரதேசத்தின் சுபாவம் முழுவதையும் ஒரே பதார்த்தத்தில் அறிய விரும்புகிறவருக்கு நான் காட்டுவது அதலைக்காயையே. பாகற்காயின் இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறிய காயை யாரும் விதைப்பதில்லை. கோடை முழுவதும் கரிசலுக்கடியில் கிழங்காக உறங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் தானே முளைத்து, காட்டு வரப்புகளிலும் பயிர்களுக்கு இடையிலும் கொடியாகப் படர்ந்து, சில வாரங்கள் காய்த்துவிட்டு மறுபடியும் மண்ணுக்குள் அடங்கிவிடும். பறித்த காய் அதிக நேரம் தாங்காமல் வெடித்துவிடுவதால் தூர தேசத்துச் சந்தைகளுக்கு அது பிரயாணம் செய்வதில்லை. காம்பையும் முனையையும் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு நன்றாக வதக்கினால், முதற்கவளத்தில் கைத்து, பின் நாவில் மெல்ல இனிக்கிற அந்த ருசியை வேறெந்தக் காயிலும் நான் கண்டதில்லை.

களைக்கொல்லி தெளித்த காடுகளிலும், வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்ட புஞ்சைகளிலும் இந்தக் கிழங்குகளுக்கு இடமில்லாமல் போகிறது என்பது என் மனத்தை வருத்துகிறது. மழைக்காலத்தில் இப்பக்கம் வருகிற நேயர்கள், காலையிலேயே கடைவீதிக்குச் சென்று, கிராமத்துப் பெண்கள் படியால் அளந்து விற்கிற அதலைக்காயைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.